'அட்டன்பரோ' என்று பெயர் இருந்தால் எல்லாரும் ஒரே குடும்பமா? ஓர் அரிய பிரிட்டிஷ் குடும்பப் பெயரும் அதன் பின்னால் இருக்கும் தரவுகளும்

'ஜுராசிக் பார்க்' படத்தில் டைனோசர் பூங்காவைக் கட்டும் வெள்ளைத் தாடித் தாத்தாவை உங்களுக்கு நினைவிருக்கும். அவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. 1982-ல் வெளிவந்து 8 ஆஸ்கர் விருதுகளை வென்ற 'காந்தி' படத்தின் இயக்குநரும் அவர்தான். இயற்கை ஆவணப்படங்களில் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய குரலுக்குச் சொந்தக்காரரான டேவிட் அட்டன்பரோ அவருடைய தம்பி.

இரண்டு பேர் உலகப்புகழ் பெற்றதால் 'அட்டன்பரோ' என்பது இங்கிலாந்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்மித், ஜோன்ஸ் மாதிரியான பெயர்களோடு ஒப்பிட்டால் இது மிக அரிது. அரிதாக இருப்பதால்தான் வரலாற்று ஆய்வாளர்களுக்கும் மரபணு ஆய்வாளர்களுக்கும் இந்தப் பெயர் பிடித்துப்போனது. ஒரு பெயர் எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது, அதை வைத்திருப்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்களா என்ற கேள்விகளுக்கு, பொதுவான பெயர்களைவிட அரிய பெயர்களே தெளிவாகப் பதில் சொல்கின்றன.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றின் ஓரம் அட்டன்பரோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் க்ரோம்வெல் பக்கம் நின்ற தளபதி ஹென்றி அயர்ட்டன் பிறந்த ஊர் அது. குடும்பப் பெயர் இந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் வந்தது.

இங்கிலாந்தின் குடும்பப் பெயர்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பார்கள். ஊர் அல்லது இடத்தால் வந்தவை, தொழிலால் வந்தவை (ஸ்மித் என்றால் கொல்லர்), தகப்பன் பெயரால் வந்தவை (ஜான்சன் என்றால் ஜானின் மகன்), பட்டப்பெயரால் வந்தவை. கொல்லர் இல்லாத ஊர் கிடையாது. அதனால் 'ஸ்மித்' என்ற பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக முளைத்தது. அட்டன்பரோ என்பதோ ஒரே ஓர் ஊர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர்ப் பெயர் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போனவருக்குத்தான் ஒட்டும். நாகர்கோவிலில் எல்லாரும் நாகர்கோவில்காரர்கள்தானே, அங்கே யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். சென்னைக்கு வந்த பிறகுதான் ஒருவர் 'நாகர்கோவில்காரர்' ஆகிறார். அதே கதைதான். யாரோ ஒருவர் (அல்லது சிலர்) அட்டன்பரோவிலிருந்து பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்திருக்க வேண்டும். அங்கே இருந்தவர்கள் வைத்த அடையாளம், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தொடர்ந்து குடும்பப் பெயரானது.

இது எப்போது நடந்தது?

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. முதலில் நிலப்பிரபுக்களிடமும், பிறகு மெதுவாக மற்றவர்களிடமும் பரம்பரைப் பெயர் பரவியது. தெற்கில் முன்னால், வடக்கில் பின்னால். 14-ஆம் நூற்றாண்டு முடியும்போது பெரும்பாலான ஆங்கிலேயர்களிடம் அந்தப் பழக்கம் வந்திருந்தது. இதற்குச் சாட்சி, வரி வசூல் ஏடுகள். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி வசூலித்தபோது எழுதிய பட்டியல்களில் மிஞ்சியவை இன்றும் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

அதற்குப் பின் வந்த ஆவணங்கள் இன்னும் உறுதியானவை. 1538 முதல் தேவாலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதினார்கள். 1837-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணத்துக்கு அரசுப் பதிவு வந்தது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஆட்களின் பெயர்கள் எழுதப்பட்டன.

பெயரை வரைபடத்தில் பார்ப்பது எப்படி?

இதை முதலில் பெரிய அளவில் செய்துபார்த்தவர் ஹென்றி கப்பி. 1890-ல் வெளியான அவருடைய நூலில், ஒவ்வொரு மாவட்டத்திலும் விவசாயிகள் பத்தாயிரம் பேரில் எந்தப் பெயர் எத்தனை என்று கணக்கிட்டார். ஏன் விவசாயிகள்? நிலத்தோடு கட்டுண்டவர்கள் சீக்கிரம் இடம் மாற மாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு.

இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான வரைபடங்களுக்கு அடிப்படை 1881 கணக்கெடுப்பு. தன்னார்வலர்கள் அதை முழுதாகக் கணினியில் ஏற்றினார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 1881-ஆம் ஆண்டுத் தரவையும் 1998-ஆம் ஆண்டுத் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்கள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று காட்டினார்கள். ரயில் வந்தது, ஆலை வந்தது, இரண்டு உலகப் போர்கள் வந்தன. இருந்தாலும் பல அரிய பெயர்கள் பிறந்த மண்ணைச் சுற்றியே அடர்த்தியாக இருக்கின்றன.

அட்டன்பரோவும் அப்படித்தான். நாட்டிங்ஹாம்ஷையர், பக்கத்து டெர்பிஷையர் என்ற இரண்டு மாவட்டங்கள்தான் அதன் தாய்வீடு. வெளியே போனவர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்றால் அடகுக்கடை ஞாபகம் வரும் அளவுக்கு அந்தத் தொழிலில் அந்தப் பெயர் பிரபலம். ரிச்சர்ட், டேவிட் சகோதரர்களின் தந்தை ஃப்ரெடரிக் பிறந்தது 1887-ல், நாட்டிங்ஹாம்ஷையரின் ஸ்டேபிள்ஃபோர்டில். பெயரைக் கொடுத்த ஊருக்குக் கூப்பிடு தூரம்தான்.

வரைபடத்தைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எந்தப் பெயரும் லண்டனில்தான் அதிகம் இருப்பதுபோலத் தெரியும், ஏனென்றால் அங்கே ஆட்களே அதிகம். பத்து லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தைப் பாருங்கள். அப்போதுதான் பெயரின் உண்மையான ஊர் தெரியும்.

ஒரே பெயர் என்றால் ஒரே ரத்தமா?

இங்கேதான் டிஎன்ஏ உள்ளே வருகிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். இங்கிலாந்தின் குடும்பப் பெயரும் அதே பாதையில் போகிறது. அப்படியானால் இரண்டும் ஒத்துப்போக வேண்டுமே?

2000-ல் ஆக்ஸ்ஃபோர்டு மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ் தன் குடும்பப் பெயரையே சோதித்தார். 48 சைக்ஸ் ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஒரே ஒய் குரோமோசோம் வகை இருந்தது. 2009-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டு 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். ஸ்மித் போன்ற பெயர்களில் பொருத்தம் எதுவும் பெரிதாக இல்லை. பெயர் அரிதாக ஆக, பொருத்தம் கூடியது. அட்டன்பரோவில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கு ஒரே வகை!

இன்னொரு தற்செயல்: ஃப்ரெடரிக் அட்டன்பரோ 1932 முதல் 1951 வரை லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். மகன்கள் வளர்ந்தது அந்த வளாகத்தில்தான். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் லெஸ்டர் பல்கலைக்கழகம் ஆனது. 1984-ல் அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டுபிடித்ததும் அங்கேதான்.

அப்படியென்றால் மூதாதை ஒருவர்தானா?

இல்லை, அவசரப்பட வேண்டாம். இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, பெயரை முதலில் சுமந்தவர் ஒரே ஒருவர். மற்றொன்று, ஆரம்பத்தில் பல பேர் இருந்தார்கள், ஆனால் மற்றவர்களின் ஆண்வழி வாரிசு அற்றுப்போய், ஒரு கிளை மட்டும் தழைத்தது.

இரண்டாவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகன் இல்லாத வீட்டோடு பெயர் நின்றுவிடும், மகள்கள் எத்தனை பேர் இருந்தாலும் சரி. 1348-49-ல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொண்டுபோனது. அதில் எத்தனை பெயர்கள் முளையிலேயே கருகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பெயர்கள் இப்படி அழிவதைக் கணக்காகப் போட முடியுமா என்று 1873-ல் ஃபிரான்சிஸ் கால்டன் கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற கணிதம் தெரிந்த பாதிரியார் விடை தேடினார். அவருடைய முடிவில் பிழை இருந்தது, பிற்காலத்தில் திருத்தப்பட்டது. ஆனால் முறை நிலைத்துவிட்டது. கோவிட் காலத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்று தினமும் கேட்டோமே, அதுவும் இதே வகைக் கணக்குதான். ஒருவரிடமிருந்து சராசரியாக ஒன்றுக்கும் குறைவாகப் பரவினால் சங்கிலி அறுந்துவிடும், தொற்றானாலும் சரி, குடும்பப் பெயரானாலும் சரி.

மீதி பத்தில் ஒருவர்?

தத்துப் பிள்ளைகள், திருமணத்துக்கு வெளியே பிறந்து அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்தவர்கள், சொத்துக்காக மனைவி வீட்டுப் பெயரை ஏற்ற மாப்பிள்ளைகள், கணவர் அல்லாத தகப்பன் என்று காரணங்கள் பல. கிங், ஜோப்லிங் கணக்குப்படி ஒரு தலைமுறைக்கு இது 25-ல் ஒன்றுக்கும் குறைவு. சின்ன எண் மாதிரி தெரிகிறதா? தலைமுறைக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 700 ஆண்டுகளில் சுமார் 23 தலைமுறை. 0.98-ஐ 23 தடவை பெருக்கினால், அறுபடாமல் வந்து சேரும் கோடுகள் நூற்றுக்கு 63 மட்டும்.

அதாவது 'எங்கள் வம்சம் கலப்பில்லாதது' என்று யாராவது பெருமை பேசினால், கணக்கு அவர் பக்கம் நிற்காது. இன்னொன்றும் உண்டு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதை இடங்கள் இருக்கும். குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் காட்டும்.

2007-ல் வெளியான லெஸ்டர் குழுவின் ஓர் ஆய்வு இதை முகத்தில் அறைந்தமாதிரி சொன்னது. கிழக்கு யார்க்‌ஷையரின் ஓர் அரிய குடும்பப் பெயரைக் கொண்ட 18 ஆண்களைச் சோதித்தார்கள். அவர்களில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவோடு தொடர்புடைய மிகப் பழைய ஒய் குரோமோசோம் வகை இருந்தது. ஆவணங்கள் 1780-கள் வரை போயின, அதற்கு முன்பே அது அங்கே வந்துவிட்டது. வந்தது ரோமானியப் படைவீரர் வழியா, அடிமை வணிகம் வழியா என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. பார்க்க முழுக்க 'வெள்ளை ஆங்கிலேயர்' என்று தங்களை நினைத்திருந்த குடும்பங்கள் அவை.

சரி, இது நமக்கு எதுக்கு?

தமிழர்களில் பலருக்குப் பரம்பரைக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பாஸ்போர்ட், விசா படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்ததும் கை நிற்பது அதனால்தான். அதனால் இந்த ஆய்வுமுறையை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் பூர்வீகம் சொல்லும் டிஎன்ஏ சோதனைகளை நம்மவர்களும் வாங்குகிறார்கள். எனவே மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, பெயரை வைத்துக் 'குலச்சின்னம்' விற்பவர்களை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனிமனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும்தான் உரியது, ஒரு குடும்பப் பெயருக்கு அல்ல.

இரண்டு, தரவில் உள்ள ஓட்டையைக் கேளுங்கள். இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு ஏடுகள் 1942-ல் தீயில் எரிந்துபோயின. 1941-ல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. தனிநபர் விவரங்களுக்கு நூறாண்டு பூட்டு உண்டு. 1921 ஏடுகள் 2022-ல் திறந்தன. அடுத்த முழுக் கணக்கெடுப்பான 1951-ஐப் பார்க்க 2052 வரை காத்திருக்க வேண்டும். நடுவில் கைகொடுப்பது 1939-ல் போர்க்காலத்துக்காக எடுத்த பதிவேடு மட்டும்தான்.

மூன்று, இது கொஞ்சம் பயமுறுத்துவது. 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், பெயர் நீக்கப்பட்ட மரபணுத் தரவை எடுத்து, இணையத்தில் எல்லாரும் பார்க்கக்கூடிய வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டார்கள். ஒய் குரோமோசோமிலிருந்து குடும்பப் பெயரை ஊகித்து, வயதையும் மாநிலத்தையும் சேர்த்து, கிட்டத்தட்ட 50 பேரை யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தத் தளங்களில் பெயரை ஏற்றியவர்கள் பெரும்பாலும் இவர்களுடைய தூரத்துச் சொந்தக்காரர்கள்.

பெயர் எவ்வளவு அரிதோ, தேட வேண்டிய கூட்டம் அவ்வளவு சிறியது. ஒரு ஸ்மித் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், ஓர் அட்டன்பரோவால் முடியாது. எச்சில் குப்பியில் மூடி போடும்போது நீங்கள் சம்மதிப்பது உங்கள் ஒருவருக்காக மட்டும் அல்ல. சித்தப்பா, பெரியப்பா, இன்னும் பிறக்காத பேரன் வரைக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள்.