தூங்கும்போது நமக்கு யார் மூச்சு விடுகிறார்கள்?



போன மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு எழுதி முடித்ததும் ஒரு அக்கா கேட்டார்: "என் பேத்தி ஏழாம் மாசத்துலயே பிறந்துட்டா. இன்னும் பெட்டியில வச்சிருக்காங்க. நடுநடுவுல மூச்சு விட மறந்துடறாளாம். அப்படிக்கூட மறக்குமாங்க?"

மறக்கும். ஏனென்று சொல்கிறேன்.

இதயம் துடிப்பதற்கான தூண்டுதல் இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. நுரையீரல் அப்படி இல்லை, அது தானாக விரியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. "இப்போ இழு" என்று ஒவ்வொரு மூச்சுக்கும் அதற்கு உத்தரவு வரவேண்டும். உத்தரவு போடுவது முகுளம். மூளையும் தண்டுவடமும் சேருகிற இடத்தில், பிடரிக்கு நேர் உள்ளே இருக்கிறது. அதில் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம்தான் ராத்திரி பகலாகத் தாளம் போடுகிறது. 1991-ல் எலிக்குஞ்சுகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தபோதும் தாளம் நிற்கவில்லையாம்!

சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. தண்ணிக் குடத்தோடு மேடு ஏறினால் இரத்தத்தில் கரியமில வாயு கூடும். முகுளம் அதை உணர்ந்து தாளத்தை வேகமாக்கும். மூச்சை அடக்கிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அதுவே நம்மை இழுக்க வைத்துவிடும்.

குறைமாதக் குழந்தைக்கு இந்த முகுளம் இன்னும் முதிரவில்லை. அதனால்தான் தாளம் தவறுகிறது. ஐந்து, பத்து விநாடி நின்று மறுபடி மூச்சு வந்தால் பயமில்லை. 20 விநாடிக்கு மேல் நின்றால் ஆபத்து. மருத்துவமனையில் முதுகையோ உள்ளங்காலையோ தேய்த்து எழுப்புவார்கள். காபியில் இருக்கும் அதே காஃபீனை மருந்தாக அளந்து கொடுப்பார்கள். (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் டிகாக்‌ஷன் ஊட்டிவிடாதீர்கள், ப்ளீஸ்!)

வீட்டுக்கு வந்தபின் மூச்சு நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடம்பு துவண்டாலோ உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே 108-ஐ கூப்பிடுங்கள். பிள்ளையைப் பிடித்து உலுக்கக் கூடாது. தேய்த்தும் மூச்சு வராவிட்டால் வாயால் ஊதிக் கொடுக்க வேண்டும். அதை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே நர்ஸம்மாவிடம் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

அந்த அக்காவிடம் கடைசியாக இதைச் சொன்னேன்: பிறந்திருக்க வேண்டிய தேதி நெருங்க நெருங்க முகுளம் முதிர்ந்துவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த மறதி அதோடு போய்விடும்.