சீஸ் ஆன இன்ஜின்: எடைக்குப் போடும் முன் பார்க்க வேண்டியவை

நெடுநாள் நின்ற காரின் கிராங்க் ஷாஃப்ட் சுற்ற மறுத்தால், இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. நின்ற இடத்திலேயே சீஸ் ஆவது ஒன்று. ஈரக்காற்று திறந்திருக்கும் வால்வு வழியாக, சிலிண்டர் துளையான போருக்குள் இறங்கி, வார்ப்பிரும்புச் சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். பிஸ்டன் ரிங் அதில் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போது சீஸ் ஆவது மற்றொன்று. ஆயில் வற்றினாலோ ரேடியேட்டர் காய்ந்தாலோ சூடு ஏறும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிஸ்டன் போரில் உரசி இறுகிவிடும். முதல் வகை பெரும்பாலும் பிழைக்கும். இரண்டாவதில் பேரிங், கனெக்டிங் ராடு, கிராங்க் வரை சேதம் போயிருக்கலாம். ஆகவே, கார் கடைசியாக எப்படி நின்றது என்பதே முதல் கேள்வி.

கோவையில் மலையடிவாரத்தை ஒட்டிய பெரியநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களில் மரத்தடியில் மழைக்காலங்களைக் கழித்த காருக்கு முதல் வகையே அதிகம் நேரும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி வந்திருந்தால், பிளாக்கின் நீர்வழிகளில் படிவம் கட்டி, சூடேறி நிற்கும் இரண்டாவது வகைக்கு வழி ஏற்படும்.

சீஸ் என்று முடிவு கட்டும் முன் வெளிக்காரணங்களைக் கழித்துவிட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் ஃப்ளைவீலில் மாட்டிக்கொண்டாலும், டைனமோவோ வாட்டர் பம்போ இறுகினாலும் இன்ஜின் சுற்றாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ஸ்டார்ட்டரைத் தளர்த்திப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரால் முடுக்குவது கூடவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அடுத்தது ஆயில் சோதனை. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பளபளக்கும் உலோகத் துகள் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ATF) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். அசிட்டோன் சட்டெனத் தீப்பற்றும். அருகில் நெருப்பு ஆகாது. ஊறியபின் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கலாம். இம்மி அசைந்தாலும் நல்ல அறிகுறி. நீண்ட பைப் மாட்டி நெம்பினால் ரிங் உடைந்து போரைக் கீறிவிடும். சுற்றிவிட்டாலும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஒட்டிய வால்வுகளை விடுவித்து, கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்.

அசையவே இல்லை என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். உண்மையான தீர்ப்பு இங்கேதான். அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் போர் 73.025 மி.மீ. போர் கேஜ் வைத்து மேலும் கீழும் குறுக்கிலும் அளந்தால் தேய்மானம் தெரியும். 10, 20, 30, 40 என்ற ஓவர்சைஸ் பிஸ்டன்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 40 என்றால் ஏறத்தாழ 1 மி.மீ. அதற்குள் ரீபோர் செய்து, அதாவது போரைக் கடைந்து பெரிதாக்கி, துரு நீங்கினால் பிளாக் தப்பியது. மிஞ்சினால் ஸ்லீவ் எனும் உறையைப் போரில் இறக்கலாம். கிராங்க்கையும் இதேபோல் அளந்து, கிரைண்டிங் செய்து, அண்டர்சைஸ் பேரிங் போடலாம். ஆனால் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலோ, இரு போர்களுக்கு நடுவே விரிசல் ஓடியிருந்தாலோ, அந்த பிளாக்கை விட்டுவிடுவதே மேல்.

பிழைக்கும் இன்ஜின் எல்லாம் செலவுக்குத் தகுதியானது அல்ல. 2014-இல் தயாரிப்பு நின்ற மாருதி 800-க்கு ஓடும் நிலையிலுள்ள பழைய இன்ஜின் எளிதில் கிடைக்கும். பெரும்பாலும் மாற்றுவதே சிக்கனம். அப்போது புதிய இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். பழைய அம்பாசடர், ஃபியட் போன்றவற்றின் கணக்கு வேறு. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோகக் காருக்கே விண்டேஜ் தகுதி. அங்கே அசல் பிளாக்குக்குத் தனி மதிப்பு. எந்தக் காரானாலும் பாடியின் அடித்தளம் துருவில் கரைந்திருந்தால் இன்ஜினுக்குச் செலவழிப்பது வீண்.

இந்த வேலைக்கு ஏற்ற மண் கோவை. வார்ப்படச் சாலைகள், பம்ப்செட் தொழில், 1962-இல் தொடங்கிப் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்த லட்சுமி மெஷின் வொர்க்ஸ் எனப் பல தலைமுறை லேத் தொழிலாளர்களை உருவாக்கிய வட்டாரம் இது. ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் எல்லாம் பக்கத்திலேயே முடியும். ஆகவே காரின் வரலாற்றைக் கேட்டு, ஊறவைத்து, ஹெட்டைக் கழற்றி, அளந்து பார்த்த பிறகே உரிமையாளர் முடிவெடுக்க வேண்டும். அளக்காமல் எந்த இன்ஜினையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.