உயிரணுவுக்குள் ஒரு பிட்

கணினியில் 0, 1 என்ற இரு நிலைகள் மின்னோட்டத்தால் உருவாகின்றன. உயிரணுவில் அதே வேலையை டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டு செய்ய முடியும். அது ஒரு திசை பார்த்திருந்தால் 0. தலைகீழாகத் திருப்பப்பட்டால் 1.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் போனே, ட்ரூ எண்டி குழுவினர் 2012இல் ஈ. கோலி பாக்டீரியாவில் இதைச் செய்து காட்டினர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த இன்டிகிரேஸ் என்ற நொதி, துண்டின் இரு முனைகளையும் வெட்டி, திருப்பி ஒட்டுகிறது. திசைக்கேற்ப உயிரணு சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிர்கிறது. எழுதுவது எளிதுதான், அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் கடினம். அதற்கு எக்சிஷனேஸ் என்ற இரண்டாவது புரதமும் கூடவே வேண்டும். இரண்டின் அளவும் சற்றுப் பிசகினாலும் துண்டு எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது. இந்த ஒற்றை பிட்டுக்காக மூன்று ஆண்டுகளும் சுமார் 750 முயற்சிகளும் ஆயின. அந்த உழைப்பு வீணாகவில்லை: எழுதிய நிலை, உயிரணு நூறு தலைமுறைக்கு மேல் பிரிந்த பின்பும் மாறவில்லை. இத்தனைக்கும் அதைக் காக்க மின்சாரம் தேவையில்லை.

அடுத்த ஆண்டே அதே குழு கணக்கிடும் பகுதியையும் அமைத்தது. மரபணுவைப் படியெடுக்கும் நொதி டிஎன்ஏ வழியே செல்கையில், அதை நிறுத்தும் தடைத் துண்டுகள் இரண்டை வழியில் வைத்தனர். ஒவ்வொன்றையும் தனித்தனி இன்டிகிரேஸ் திருப்பிச் செயலிழக்கச் செய்யும். இரண்டு சமிக்ஞைகளும் வந்தால் மட்டுமே பாதை திறக்கும். கணினிச் சில்லுகளில் உள்ள 'மற்றும்' வாயில் இதுதான்.

ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச், செத் ஷிப்மன் குழுவினர் வேறு வழியில் சென்றனர். தாக்கிய வைரஸின் டிஎன்ஏத் துணுக்குகளைப் பாக்டீரியா தன் மரபணுத்தொகுதியில் வந்த வரிசையிலேயே சேர்த்து வைக்கும். கிறிஸ்பர் என்ற தற்காப்பு அது. ஓடும் குதிரையின் ஐந்து படங்களை டிஎன்ஏ எழுத்துகளாக்கி, அந்த வரிசையில் 2017இல் பதித்தனர். திரும்பப் படித்தபோது ஏறக்குறைய 90 விழுக்காடு சரியாக வந்தது.

இவை சிலிக்கனுக்குப் போட்டியல்ல. அங்கே நொடியில் பல கோடி முறை மாறும் பிட், இங்கே ஒருமுறை மாறவே மணிக்கணக்கில் ஆகும். கம்பியும் கருவியும் நுழைய முடியாத இடத்தில் நடப்பதைப் பதிந்து வைப்பதே இதன் உண்மையான பயன். புற்றுநோயிலும் மூப்பிலும் ஓர் உயிரணு எத்தனை முறை பிரிந்தது என்று எண்ண எட்டு பிட்டுகள் இருந்தால் 255 வரை போகலாம். ஆனால் ஒவ்வொரு பிட்டுக்கும் மற்றவற்றோடு மோதாத தனி நொதி தேவை. அத்தகைய 11 இன்டிகிரேஸ்களை எம்ஐடி ஆய்வாளர்கள் 2014இல் கண்டறிந்து, ஒரே பாக்டீரியாவில் 11 பிட்டுகளுக்கு இடம் அமைத்தனர். அவற்றில் ஒருமுறை எழுதியதை அழிக்க முடியாது.