ஒரே பணி, இரு ஊதியம்

நுழையும்முன்

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு வழங்கப்படும் ஊதியம் தகுதியானதா? ‘எழுத்தறிவிப்போருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்’ என்பர் சிலர். ‘விடுமுறை மிகுந்த பணிக்கு இதுவே அதிகம்’ என்பர் வேறு சிலர். இரு சாராரும் பெரும்பாலும் கணக்குப் பார்க்காமலேயே விடை கூறுகின்றனர். கணக்குப் பார்த்து விடை காண முயல்வதே இப்பாடம்.

ஊதியம் உறுதியாகும் முறை

மத்திய அரசுப் பணியாளர்களின் ஊதியத்தை ஆராய்ந்து பரிந்துரை வழங்குவதற்கு ஊதியக் குழு அமைக்கப்படுகிறது. 7ஆவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2016 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, பணிகள் யாவும் 1 முதல் 18 வரை எண்ணிட்ட நிலைகளில் வரிசைப்படுத்தப்பட்டன. முதல் நிலையின் தொடக்க ஊதியம் மாதம் 18,000 ரூபாய். 18ஆம் நிலையின் ஊதியம் 2,50,000 ரூபாய்.

கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கநிலை ஆசிரியர் 6ஆம் நிலையில் 35,400 ரூபாயும், பட்டதாரி ஆசிரியர் 7ஆம் நிலையில் 44,900 ரூபாயும், முதுகலை ஆசிரியர் 8ஆம் நிலையில் 47,600 ரூபாயும் தொடக்க அடிப்படை ஊதியமாகப் பெறுகின்றனர். இதனுடன் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி முதலியன சேரும். அடிப்படை ஊதியம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 விழுக்காடு உயரும். இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு வளரும் ஊதியத்தைக் காலமுறை ஊதியம் என்பர்.

பிற பணிகளோடு ஒப்பீடு

இதே அட்டவணையில் மத்திய அரசின் இளநிலைப் பொறியாளர் 6ஆம் நிலையில் உள்ளார். தொடக்கநிலை ஆசிரியரின் ஊதியமும் அவருடைய ஊதியமும் ஒன்றே. மத்திய அரசு மருத்துவமனைகளின் செவிலியர் அலுவலர், பட்டதாரி ஆசிரியரைப் போன்று 7ஆம் நிலையில் உள்ளார். இந்திய ஆட்சிப் பணியில் புதிதாகச் சேர்பவரின் ஊதியம் 10ஆம் நிலையில் 56,100 ரூபாய் எனத் தொடங்குகிறது.

இங்கு ஒரு முரண் தோன்றலாம். முதுகலை ஆசிரியருக்கு முதுகலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் தேவை. ஆட்சிப் பணித் தேர்வை எழுதுவதற்கோ இளங்கலைப் பட்டமே போதும். எனினும், தேர்வின் கடுமையும் ஏற்கும் பொறுப்பின் பரப்பும் ஊதிய வேறுபாட்டிற்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. படித்த ஆண்டுகளை மட்டும் கொண்டு ஊதியம் அளக்கப்படுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

விடுமுறை பற்றிய கருத்தும் ஆராயத்தக்கது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பாடத்திற்கு ஆயத்தம் செய்யும் நேரத்தையும் சேர்த்து, ஆசிரியரின் பணி வாரத்திற்குக் குறைந்தது 45 மணி நேரம் என வரையறுத்துள்ளது. பள்ளி மணி அடித்த பின்னரும் ஏடு திருத்துதல், வினாத்தாள் ஆக்குதல் ஆகியவை தொடர்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் ஆகிய பணிகளும் ஆசிரியரைத் தேடி வருகின்றன.

மொத்தத்தில், காலமுறை ஊதியம் பெறும் நிரந்தர ஆசிரியர் ஒத்த தகுதியுடைய பிற அரசுப் பணியாளரைவிடப் பெரிதும் பின்தங்கவில்லை எனலாம். ஆயினும் ‘ஆசிரியர்’ என்னும் ஒரே சொல்லால் அழைக்கப்படும் அனைவரும் இந்த அட்டவணைக்குள் அடங்குவதில்லை.

ஒரு நாள் செய்த வேறுபாடு

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகளில் கற்பிப்போர் இடைநிலை ஆசிரியர்கள் எனப்படுவர். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் எனவும், சூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200 ரூபாய் எனவும் அமைந்தது. கல்வித் தகுதி ஒன்று, பாடநூல் ஒன்று, பணியும் ஒன்று. சேர்ந்த நாள் ஒன்று மாறியதால் மாதம் 3,170 ரூபாய் வேறுபாடு ஏற்பட்டது.

இவ்வேறுபாடு அவ்வளவில் நிற்கவில்லை. பின்னர் ஊதியம் திருத்தப்பட்டபோது, பழைய ஊதியத்தை 2.57 ஆல் பெருக்கிப் புதிய ஊதியம் கணக்கிடப்பட்டது. ஊதியம் பெருகியபோது வேறுபாடும் உடன் பெருகி, எட்டாயிரம் ரூபாயைத் தாண்டியது. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்னும் கோரிக்கையுடன் இவ்வாசிரியர்கள் சென்னையில் பலமுறை போராடியுள்ளனர்.

நாட்டின் பல மாநிலங்களில் ஒப்பந்த ஆசிரியர் என்னும் மற்றொரு பிரிவினரும் உள்ளனர். இவர்கள் பெறுவது தொகுப்பூதியம். அதில் படிகள் சேர்வதில்லை. ஆண்டு உயர்வும் உறுதியில்லை. கல்வியாண்டு முடியும்போது பணியும் முடிந்துவிடலாம்.

நீதிமன்றத்தின் முன்

ஒரே பிரிவைச் சேர்ந்த ஆசிரியர்கள் எந்த நிருவாகத்தின்கீழ்ப் பணியாற்றினும் ஒரே ஊதியம் பெறவேண்டும் என்று கோத்தாரிக் கல்விக்குழு 1966இலேயே பரிந்துரைத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 39ஆவது உறுப்பு, ஆணும் பெண்ணும் சம வேலைக்குச் சம ஊதியம் பெறவேண்டும் என்பதை அரசின் நெறிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் அப்பணியின் குறைந்தபட்ச ஊதியம் உரியது என 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால், பீகாரில் உள்ளாட்சி அமைப்புகள் வழியாக அமர்த்தப்பட்ட மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் வழக்கில் முடிவு வேறாக அமைந்தது. 2017இல் பாட்னா உயர் நீதிமன்றம் சம ஊதியம் வழங்குமாறு கூறியது. 2019 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவர்கள் அமர்த்தப்பட்ட முறை வேறு என்பதையும், அரசு ஏற்கவேண்டிய நிதிச்சுமையையும் அது கருத்தில் கொண்டது.

அரசின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எல்லா ஊர்களிலும் பள்ளி வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் ஆசிரியர் வேண்டும். கையிலுள்ள நிதியோ அளவுடையது. குறைந்த ஊதியத்தில் பலரை அமர்த்தினால் வெற்றிடங்கள் விரைவில் நிரம்பும். எனினும் அதன் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். நிலையான பணி வேறோரிடத்தில் கிடைத்தவுடன் ஒப்பந்த ஆசிரியர் ஆண்டின் நடுவிலேயே விடைபெறுகிறார். மாணவரின் பெயரையும், அவருக்கு எந்தக் கணக்கு விளங்கவில்லை என்பதையும் புதிய ஆசிரியர் முதலிலிருந்து அறியவேண்டியதாகிறது.

ஆகவே, ‘ஆசிரியர் ஊதியம் பிற பணிகளுக்கு இணையானதா?’ என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அடுத்தடுத்த வகுப்பறைகளில் ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இரு ஆசிரியர்களின் ஊதியம் இணையானதா என்றும் கேட்கவேண்டும். முதல் வினாவிற்கு அட்டவணை ஓரளவு விடை தருகிறது. இரண்டாம் வினாவிற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

சொற்பொருள்

அகவிலைப்படி – விலைவாசி உயர்வை ஈடுசெய்ய ஊதியத்துடன் வழங்கப்படும் தொகை
காலமுறை ஊதியம் – ஆண்டுதோறும் உயரும் ஊதியம்
தொகுப்பூதியம் – படிகள் இன்றி மொத்தமாக வழங்கப்படும் ஊதியம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு, சதவீதம்

சிந்தித்து எழுதுக

1. காலமுறை ஊதியத்திற்கும் தொகுப்பூதியத்திற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. 3,170 ரூபாய் வேறுபாடு எவ்வாறு எட்டாயிரம் ரூபாயைத் தாண்டியது? கணக்கிட்டுக் காட்டுக.
3. பீகார் வழக்கில் நீங்கள் நீதிபதியாக இருந்திருப்பின் எவ்வாறு தீர்ப்பு வழங்கியிருப்பீர்கள்? இரு தரப்பு வாதங்களையும் குறிப்பிட்டு எழுதுக.