கண்ணாடியை மாற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பாருங்கள்!

சாயங்காலம் ஆனால் போதும், நெற்றிப்பொட்டு இரண்டும் விண் விண் என்று தெறிக்கிறது. கண் கரிக்கிறது. எழுத்தெல்லாம் லேசாக நடுங்குகிற மாதிரி ஒரு பிரமை. "நாள் பூரா அந்தப் பெட்டியையே பார்த்துக்கிட்டிருந்தா வேற என்ன ஆகும்?" என்று வீட்டில் ஒரு அர்ச்சனை. மறுநாளே கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறோம். புது ஃபிரேம், புது லென்ஸ், சில ஆயிரம் ரூபாய் செலவு. தலைவலி மட்டும் அப்படியே இருக்கிறது!

கண்ணைச் சோதிக்கிற நாம், கண் பார்த்துக்கொண்டிருக்கும் திரையைச் சோதிப்பதே இல்லை. திரை சரியான வேகத்தில் ஓடாவிட்டாலும் கண் களைத்துப் போகும். எல்லாத் தலைவலிக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் பைசா செலவில்லாமல் பத்தே நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய காரணம் இது. அதனால் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

திரைக்கும் நாடித்துடிப்பு உண்டு

மானிட்டரில் நாம் பார்க்கும் படம் அசையாமல் நிற்பதாகத் தோன்றினாலும், அது நொடிக்குப் பல முறை புதிதாக எழுதப்படுகிறது. 60 முறை எழுதினால் 60 ஹெர்ட்ஸ். இதற்குப் பெயர்தான் 'ரெஃப்ரெஷ் ரேட்'. திரையின் நாடித்துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பழைய டி.வி. பெட்டி மாதிரி பின்பக்கம் புடைத்த மானிட்டர்கள் இருந்தன, ஞாபகமிருக்கிறதா? அவற்றில் ஒவ்வொரு முறை எழுதியதும் வெளிச்சம் உடனே மங்கிவிடும். மறுபடி எழுத வேண்டும். 60 ஹெர்ட்ஸில் வைத்தால் பலருக்குத் திரை படபடப்பது கண்ணுக்கே தெரியும், அதுவும் ஓரக்கண்ணால் பார்த்தால் நன்றாகவே தெரியும். அதனால்தான் சுவீடனின் டி.சி.ஓ. 99 தரமுத்திரை, அந்த மானிட்டர்கள் குறைந்தது 85 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும் என்றது.

கண்ணுக்குத் தெரியாத துடிப்பு தலைவலி தருமா? தரலாம். 1989-ல் இங்கிலாந்தில் ஆர்னால்டு வில்கின்ஸ் குழுவினர் அலுவலக டியூப்லைட்டுகளை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். நம் ஊர் மின்சாரத்திலும் அதே கணக்குதான். அந்த சோக்கை எடுத்துவிட்டு, அதிவேக எலெக்ட்ரானிக் சோக் போட்டபோது, தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன. விளக்கு துடிக்கிறது என்று யாருடைய கண்ணும் சொல்லவில்லை. ஆனால் தலை சொல்லியிருக்கிறது!

இப்போதைய தட்டைத் திரையில் என்ன பிரச்னை?

இன்றைய எல்.சி.டி. திரையில் ஒரு புள்ளி, அடுத்த கட்டளை வரும்வரை அணையாமல் நிற்கும். ஆகவே 60 ஹெர்ட்ஸ் என்றால் பயப்பட வேண்டாம். சாதாரண வேலைக்கு அது போதும். தொந்தரவு வேறு இரண்டு வழிகளில் வருகிறது.

முதலாவது, வேகம் 30 ஹெர்ட்ஸுக்கு விழுந்துவிடுவது. மவுஸ் அம்பு சேற்றில் நடப்பதுபோல இழுத்து இழுத்து வரும். பக்கத்தை மேலே தள்ளினால் எழுத்துக்கள் கலங்கும். கண் அதைத் துரத்தித் துரத்தியே சோர்ந்துவிடும்.

இரண்டாவது, திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு. சில மானிட்டர்களில் வெளிச்சத்தைக் குறைத்தால், விளக்கு மங்குவதற்குப் பதில் வேகவேகமாக அணைந்து அணைந்து எரியும். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வெளிச்சத்தைக் குறைத்து, திரை முழுக்க வெள்ளையாக வைத்து, அதன் முன்னால் ஒரு பென்சிலை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். பென்சில் மொத்தமாகக் கலங்கித் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக வரிசை கட்டித் தெரிந்தால், விளக்கு துடிக்கிறது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, அறையிலும் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

மானிட்டர் என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்வது யார்? கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. அந்த கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அதுதான் 'டிரைவர்'. என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் கார்டுக்குத் தானே டிரைவர் எழுதித் தருகிறது.

மானிட்டரைச் செருகியதும், "நான் இன்ன அளவு, இன்ன வேகம் தாங்குவேன்" என்று அது கேபிள் வழியாக ஒரு சின்ன ஜாதகத்தை அனுப்பும். டிரைவர் அதைப் படித்துப் பொருத்தம் பார்க்கும். டிரைவர் இல்லாவிட்டாலோ, கேபிள் சரியில்லாமல் ஜாதகம் வந்து சேராவிட்டாலோ, "எதற்கு வம்பு" என்று கம்ப்யூட்டர் ஒரு குறைந்த அளவை வைத்துக்கொண்டு ஓட்டிவிடும். அதன் பலனை உங்கள் கண் அனுபவிக்கும்.

நீங்களே சரிபார்க்கலாம்

1. இப்போதைய வேகம் என்ன? விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று வரிசையாகப் போங்கள். அங்கே ஹெர்ட்ஸ் கணக்கு இருக்கும். 30 என்றிருந்தால் 60 ஆக்குங்கள். 75, 144 என்று மானிட்டர் தாங்குகிற வேகம் பட்டியலில் இருந்தால் அதையும் வைத்துப் பார்க்கலாம். 59 அல்லது 59.94 என்றிருந்தால் கவலை வேண்டாம். அது அமெரிக்க கலர் டி.வி. காலத்துக் கணக்கு. 60-க்கும் அதற்கும் கண் வித்தியாசம் காணாது.

2. கேபிளைப் பாருங்கள். 4கே மானிட்டரில் 30-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறதா? ஹெச்.டி.எம்.ஐ. 1.4 வரை 4கே படத்துக்கு 30 ஹெர்ட்ஸ்தான். 60 வேண்டுமென்றால் 2013-ல் வந்த 2.0 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். கேபிள் மட்டுமல்ல, இரு பக்கத்துத் துளைகளும் அதைத் தாங்க வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் துளை இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது, கேபிளை மதர்போர்டு துளையில் செருகிவிட்டுத் திண்டாடுகிறவர்களும் உண்டு!

3. டிரைவர் இருக்கிறதா? டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால், கம்பெனி டிரைவர் இல்லை என்று அர்த்தம். கார்டு கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். லேப்டாப் என்றால் லேப்டாப் கம்பெனியின் தளம் உத்தமம். விளம்பரத்தில் வரும் 'இலவச டிரைவர் அப்டேட்' பக்கம் மட்டும் போகாதீர்கள்.

4. புது டிரைவர் வந்த பிறகுதான் தொந்தரவா? அதே இடத்தில், 'பிராப்பர்ட்டீஸ்' உள்ளே 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பிவிடும்.

5. திரை கறுத்துப்போய் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால்? மானிட்டர் தாங்காத வேகத்தைக் கொடுத்துவிட்டீர்கள். பதறி எதையும் தட்டாமல் சில நொடி சும்மா இருங்கள். விண்டோஸ் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் 'சேஃப் மோட்' வழியாக உள்ளே போய் மாற்றலாம்.

6. லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மட்டும் வேகம் குறைகிறதா? மின்சாரத்தை மிச்சம் பிடிக்க சில லேப்டாப்கள் அப்படிச் செய்யும். இது கோளாறு இல்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012-க்கு முந்தைய என்விடியா டிரைவர்களில், 'எக்ஸ்-ரேண்டர்' கட்டளை 50, 51 என்று என்னென்னவோ காட்டும். அது நிஜ வேகமே அல்ல. ஒவ்வொரு திரை அமைப்பையும் பிரித்துக் காட்ட டிரைவர் வைத்த அடையாள எண். பழைய கம்ப்யூட்டரில் இன்னும் அந்த டிரைவர் ஓடினால், என்விடியாவின் சொந்த செட்டிங்ஸில் உள்ள கணக்கை மட்டும் நம்புங்கள்.

எல்லாம் சரி, இன்னும் வலிக்கிறதே?

அப்படியானால் கண் இமைக்கிறீர்களா என்று கவனியுங்கள். 1993-ல் ஜப்பான் டாக்டர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு சராசரி 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கையில் 10 முறையும், திரையின் முன்னால் 7 முறையும்தான் இமைத்தார்களாம். கண் வறண்டுபோகாமல் என்ன செய்யும்? 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். திரை ஒரு கை நீளத் தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம்.

இத்தனை செய்தும் இரண்டு வாரத்தில் குறையவில்லையா? அப்போது கண் டாக்டரிடம் போவதே முறை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படலாம்.

ஆனால் சில அறிகுறிகளுக்கு இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தியோடு சேர்ந்த தலைவலி, பார்வை மறைவது, கண் சிவந்து வலித்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது. இதில் ஒன்று இருந்தாலும் கம்ப்யூட்டரைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் இருந்தால், கண்ணுக்குத் தெரியும்படி படபடக்கும் மானிட்டரை அவர் பார்க்கவே வேண்டாம். சரிசெய்யும்வரை அணைத்து வையுங்கள்.

சரியில்லாத திரை கண்ணைக் குருடாக்கிவிடாது. அந்தப் பயம் வேண்டாம். களைப்பைத்தான் தரும். அந்தக் களைப்பு, சில சமயம் ஒரு செட்டிங்கை மாற்றினாலே போய்விடும். இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள், வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற கம்ப்யூட்டரையும் சேர்த்து!