காசும் காரியமும் – 14: ஹட்யாய்க்கு ஒன்று, காசிக்கு வேறொன்று

சுங்கை பட்டாணி பக்கம் பயணக் காப்புறுதி என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "ஹட்யாய்க்கு எதுக்குண்ணே அதெல்லாம்? பக்கத்துலதானே இருக்கு!"

பக்கம்தான். புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டினால் ஒரு மணி நேர ஓட்டம். 1909 வரை கெடாவே சயாமின் மேலாட்சியில் இருந்தது. ஆனால் இன்று அங்கே கால் முறிந்து படுத்தால், நம் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணத்தை நினைத்துக்கொண்டு போக முடியாது. தனியார் மருத்துவமனை முதலில் முன்பணம் கேட்கும்.

2025 நவம்பர் கடைசியில் ஹட்யாய் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஹோட்டல்களில் மாட்டிக்கொண்டார்கள். தெருவில் நிறுத்திய காடிகள் கூரை வரை நீரில் நின்றன. பயணக் காப்புறுதி ஆளுக்குத்தான். காடிக்கு அதில் இடமில்லை. காடியின் காப்புறுதியோ மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றோடு நின்றுவிடும். தாய்லாந்துக்கும் செல்ல வேண்டுமானால் நிறுவனத்திடம் கேட்டு, கூடுதல் கட்டணம் கட்டி நீட்டிக்க வேண்டும். வெள்ளச் சேதம் அதிலும் தனி. அதற்கான சேர்ப்பை வாங்கியிருக்க வேண்டும். எல்லைக் கடையில் வாங்கும் தாய்லாந்துக் கட்டாயக் காப்புறுதி விபத்தில் அடிபட்டவர்களுக்கு உரியது. நம் காடியின் ஒரு பம்பருக்குக்கூட அது பதில் சொல்லாது.

இன்னொன்று: மழைச் செய்தி வந்த பிறகு அவசரமாக வாங்கும் காப்புறுதி, அந்த வெள்ளத்துக்குப் பொதுவாக உதவாது. வாங்கும்போதே தெரிந்திருந்த ஆபத்து என்று தள்ளிவிடுவார்கள். பெரும்பாலான திட்டங்களை நாட்டை விட்டுக் கிளம்புமுன் வாங்கியிருக்க வேண்டும். எல்லை தாண்டி டானோக் போய்ச் சேர்ந்து கைப்பேசியில் வாங்குவது வீண்.

இளைஞர்கள் லங்காவியிலிருந்து படகேறித் தாய்லாந்தின் லீப்பே தீவுக்குப் போகிறார்கள். அங்கே மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறார்கள். லைசன்சும் தலைக்கவசமும் இல்லாமல் விழுந்தால் எந்த நிறுவனமும் கைகொடுக்காது. சில திட்டங்கள் மோட்டார் சைக்கிளையே ஒதுக்கிவிடுகின்றன. கோலா கெடாவில் ஃபெர்ரி ஏறி லங்காவியோடு திரும்புகிறவர்களுக்கு மலிவான உள்நாட்டுத் திட்டமே போதும்.

நம் குடும்பங்களுக்குச் சிக்கலான பயணம் இந்தியாதான்.

1907இல் மலாயாவில் தமிழர் குடிநுழைவு நிதி என்று ஒன்று தொடங்கினார்கள். தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆளேற்றி வரும் கப்பல் செலவை அது கட்டியது. உழைக்க முடியாமல் நோயில் விழுந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதில்தான் போனது. பரிவால் செய்ததாக நான் நம்பவில்லை. ஆனாலும் திரும்பும் வழிக்கு யாரோ ஒருவர் பொறுப்பாக இருந்தார். 2024 டிசம்பர் முதல் பினாங்கிலிருந்து நேராகச் சென்னைக்கு விமானம் போகிறது. பீடோங்கிலும் கூலிமிலும் இருக்கிற பாட்டிமார்களுக்குக் கோலாலம்பூர் வரை போகும் அலைச்சல் மிச்சம். வழியில் விழுந்தால் பொறுப்பு மட்டும் பிள்ளைகளுடையது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இனிப்பு நீர், இரத்த அழுத்தம்; காசி, ராமேஸ்வரம் முடித்துச் சொந்தக்காரர் வீட்டில் மூன்று மாதம் தங்க ஆசை என்று வையுங்கள். விலையைப் பார்க்குமுன் மூன்றைப் பாருங்கள். எழுபதைத் தாண்டினால் பல திட்டங்களில் கட்டணம் கூடும், தொகை குறையும். ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவைப் பெரும்பாலான சாதாரணத் திட்டங்கள் தரா; அதைச் சேர்த்துக்கொள்ளும் திட்டம் விலை கூடுதல், ஆனால் அம்மாவுக்கு வேண்டியது அதுதான். வருடக் காப்புறுதி வைத்திருக்கும் மகன் "அதிலேயே அம்மாவையும் சேர்த்தாச்சு" என்பார். அதில் ஒரு பயணத்துக்குத் தொண்ணூறு நாள் என்ற வரம்பு இருப்பது வழக்கம். அம்மா தொண்ணூற்றைந்தாம் நாள் விழுந்தால்?

நோயை மறைத்து பாரம் நிரப்புவது நம்மிடம் பரவலான பழக்கம். முகவரே சில சமயம் "எழுத வேண்டாம்க்கா" என்பதுண்டு. கோரிக்கை வரும்போது மருந்துச் சீட்டைக் கேட்பார்கள். அப்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

கைலாயம் போகிறவர்கள் மலை உயரத்துக்கு வரம்பு உண்டா என்று கேட்க வேண்டும். அங்கே மலையைச் சுற்றும் பரிக்கிரமா 5,600 மீட்டரைத் தாண்டுகிறது. இந்தியாவில் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைக்குச் சுற்றுலாத் திட்டம் பொருந்தாது. மாணவர் திட்டம் கேளுங்கள்.

இறந்தவர் உடலை நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு என்ற வரியை முகவர்கள் சத்தமாக வாசிப்பதில்லை. நாமும் அபசகுனம் என்று தாண்டிவிடுகிறோம். தொகை எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

24 மணி நேர உதவி எண்ணை அம்மாவின் கடப்பிதழ் உறைக்குள்ளும் எழுதி வையுங்கள். மருத்துவமனையில் சேர்க்குமுன் அந்த எண்ணுக்குச் சொல்லவில்லை என்பதே பணம் மறுக்கக் காரணமாவதுண்டு. மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். அதிலும் தீராவிட்டால் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது. புகாருக்கு என்னென்ன தாள் வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.