கம்பெனி அடிக்காத காசு

ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், காலடியில் அனுமன். மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒரு அணா, 1818’ என்று ஆங்கில எழுத்து. செம்பிலோ பித்தளையிலோ இருக்கும், நன்றாகக் கறுத்திருக்கும். பழைய பொருள்கள் ஏலத்துக்கு வரும் இணையதளங்களில் தேடினால் இந்தக் காசு கண்ணில் படாமல் போகாது. சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும்; பல லட்சம் விலை சொல்பவர்களும் உண்டு. கூடவே ஒரு குறிப்பு இருக்கும்: தாத்தா பெட்டியில் இருந்தது, இருநூறு வருஷப் பழசு, மிக அரிது.

அந்தக் காசு பழசும் இல்லை, அரிதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே கிடையாது. நாணயம் சேகரிப்பவர்கள் போலி என்று சொல்லும்போது, அசல் ஒன்று எங்கோ இருக்கிறது, அதைப் பார்த்து இதைச் செய்திருக்கிறார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். இணையத்தில் அதிகம் ஏமாற்றுகிற காசுக்கோ அசல் என்று எதுவுமே இல்லை. பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம் எழுதி விற்கிறார்கள்.

சாமி உருவம் போட்ட பூஜைக் காசுகள் தென்னாட்டில் பழைய வழக்கம்தான். ராமடங்கா என்று அவற்றுக்குப் பெயர். கோயிலில் வாங்கி வீட்டில் வைத்துக் கும்பிட்டார்கள். கடையில் கொடுத்து அரிசி வாங்கவில்லை. அந்த வழக்கத்தின் மேல் கம்பெனியின் பெயரையும் ஒரு வருஷத்தையும் ஏற்றியதுதான் பின்னால் வந்தவர்களின் கைவேலை. 1818 மட்டுமல்ல, 1717, 1616 என்றும் வருஷம் போட்டு வருகின்றன. கம்பெனி அரசுப் பட்டயம் பெற்றதே 1600 டிசம்பர் 31 அன்று. 1616-இல் அதற்கு இந்தியாவில் இருந்தவை சூரத் போன்ற சில பண்டகசாலைகள்தான். ஆங்கிலத்தில் பெயர் பொறித்து நாடு முழுக்கச் செல்லும் ஒரே மாதிரிக் காசு 1835-இல்தான் வந்தது. அப்போதும் செம்பில் வந்தவை அரை அணா, கால் அணா, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகியவை. ஒரு அணா நாணயம் 1907-இல் குப்ரோ நிக்கலில், அலை அலையான விளிம்போடு வந்தது. அப்போது கம்பெனியே இல்லை.

பிறகு ஏன் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள்? கதையில் ஒரு துளி உண்மை கலந்திருக்கிறது. சென்னையில் கம்பெனி அடித்த வராகன்களில் உண்மையிலேயே சாமி உருவம் உண்டு. நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் நட்சத்திரம். மூன்று உருவம் நிற்கும் வராகனும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயில் கோபுரத்தையே காசில் போட்டார்கள். உள்ளூர் வியாபாரி கைநீட்டி வாங்க வேண்டுமென்றால் அவனுக்குப் பழகிய உருவம் வேண்டும் என்பது வெள்ளைக்கார வணிகனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவையெல்லாம் பொன்னும் வெள்ளியும். செம்பில் ராமர் பட்டாபிஷேகம் போட்டு ‘ஒரு அணா’ என்று எழுதிய காசு அந்த வரிசையில் எங்கும் இல்லை.

அசல் கம்பெனிக் காசு வேண்டுமா? அது எளிதாகவே கிடைக்கிறது. சென்னை மாகாணத்துக்கென்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் சோஹோ நாணயச்சாலையில் 1808-இல் 10 காசு, 20 காசு என்று செம்பு நாணயங்கள் அடித்தார்கள். அவற்றை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். இன்று அவை உலகெங்கும் குறைந்த விலைக்கு விற்கின்றன. அசல் மலிவாகக் கிடைக்க, இல்லாத காசுக்கு லட்சம் கேட்கிறார்கள் என்பதுதான் இந்தச் சந்தையின் விசித்திரம். அந்த 1818 காசை ‘அரிசியைக் காந்தம்போல் இழுக்கும், உள்ளே இருடியம் இருக்கிறது’ என்று விற்கும் கூட்டம் தனி. ‘சதுரங்க வேட்டை’ திரைப்படம் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அசலே இல்லாத காசு ஒரு வகை. இரண்டாவது வகைதான் உண்மையான சோதனை. இங்கே அசல் உண்டு. பார்த்துச் செய்த நகலும் உண்டு. வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலை மாறினாலும் எடை மாறவில்லை: 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது ஒவ்வொரு ரூபாயிலும் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் பாதி ஏலங்களைப் படத்தைப் பார்க்காமலே தள்ளிவிடலாம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். அதைவிடக் குறைந்த விலைக்கு, ‘அசல் வெள்ளி’ என்று பத்து ரூபாய்களைக் கட்டாகக் கொடுக்கிறேன் என்பவர் தர்மம் செய்யவில்லை. உருக்கினாலே கூடுதல் கிடைக்கும் பொருளை நஷ்டத்துக்கு விற்க யாரும் கடை திறப்பதில்லை.

நகல்கள் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர் போன்ற கலவையில் வருகின்றன. அது வெள்ளியைவிட லேசானது. அசலின் அதே விட்டம், அதே தடிமனில் செய்தால் எடை 10 கிராமைத் தொடாது. எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் காசைத் தடிமனாக்க வேண்டும். அப்போது விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஏலத்தில் கை வைக்கும் முன் விற்பவரிடம் இரண்டே படம் கேளுங்கள். டிஜிட்டல் தராசில் காசை வைத்து எண் தெரியும்படி ஒரு படம். விளிம்பு தெரியும்படி இன்னொரு படம். பல ஆண்டு புழங்கித் தேய்ந்த ரூபாயில் கொஞ்சம் எடை குறைந்திருக்கலாம், அதில் தப்பில்லை. அரசரின் தாடி முடிகூடத் தேயாமல் இருக்கிறது, எடை மட்டும் ஒன்றரை கிராம் குறைகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். படம் தர மறுப்பவரிடமும் அப்படியே.

விளிம்பில் என்ன பார்ப்பது? அச்சில் அடித்த காசில் குறுக்குக் கோடுகள் கூர்மையாக, ஒரே இடைவெளியில் ஓடும். வார்த்த காசில் இரண்டு பாதி சேர்ந்த தழும்பு நடுவில் தெரியும். அரத்தால் ராவி மறைத்திருந்தால் ராவிய தடம் தெரியும். முகத்திலும் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும்; எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். அந்தக் காலத்திலேயே கள்ள ரூபாய் தொல்லை இருந்தது. அதனால்தான் 1940-களில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தபோது விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பைக் கொண்டுவந்தார்கள்.

காந்தத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெள்ளி ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் போலி என்பது சரி. ஆனால் புலி உருவம் போட்ட 1947 ரூபாய் சுத்த நிக்கல். அது ஒட்டத்தான் வேண்டும். ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். இது தெரியாமல் அசலைப் போலி என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு.

அசல் காசிலேயே கைவைப்பது இன்னும் நுட்பமான வேலை. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மிக அரிது. 1938 தாராளமாகக் கிடைக்கும். கடைசி எட்டைக் கொஞ்சம் செதுக்கினால் ஒன்பது. எடை சரி, வெள்ளி சரி, விளிம்பு சரி. பொய் ஒரே ஒரு இலக்கத்தில் இருக்கிறது. அந்த இலக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் வேறு பளபளப்பில் இருந்தால் கருவி பட்டிருக்கிறது. 1911 ரூபாய்க்கு வேறு அடையாளம் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் இருந்த யானை குட்டைத் துதிக்கையால் பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, வெளியிடுவதை நிறுத்தி, மிச்சத்தை உருக்கி, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். 1911 என்று வருஷம் போட்ட ரூபாயில் துதிக்கை நீண்ட யானை நின்றால் அந்தக் காசை வாங்காதீர்கள்.

சங்ககாலக் காசுகள் என்று வருபவை இன்னும் ஆபத்தானவை. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகளைக் கரூர் அமராவதி ஆற்றுப்படுகைதான் உலகுக்குக் காட்டியது. விலை ஏறியதும் நகல்களும் வந்துவிட்டன. களிம்பை நம்ப வேண்டாம். பழமையைப் பூசுவது பழைய கலை. ஜெர்மனியில் ஆஃபன்பாக் நகரில் இருந்த பெக்கர் என்பவர், பண்டைய கிரேக்க, ரோமானியக் காசுகளைத் தாமே அச்சு வெட்டி அடித்தார். அவற்றை இரும்புத் தூள் நிறைந்த பெட்டியில் போட்டு வண்டியின் அச்சில் கட்டிக்கொண்டு ஊர்ப்பயணம் போவாராம். குலுங்கிக் குலுங்கிக் காசுக்கு வயதாகிவிடும். அவர் இறந்தது 1830-இல். இன்று அதே வேலைக்கு அமிலம் போதும், ஒரு மணி நேரம் போதும்.

இதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ‘சோழர் காசு, உலகில் எங்கும் அனுப்பப்படும்’ என்று இந்தியாவிலிருந்து ஒருவர் விளம்பரம் போட்டால், ஒன்று காசு போலி, இல்லாவிட்டால் வியாபாரம் குற்றம்.

கண்ணுக்கு அசல் பழகுவதுதான் பெரிய காவல். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணயப் படங்களை வீட்டிலிருந்தே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரே காசின் படங்களைப் பத்து இடத்தில் பார்த்தவருக்கு இன்னொன்றும் பிடிபடும். வெவ்வேறு விற்பனையாளர் போட்ட இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்த போலிகள். இரண்டு காசு ஒரே மாதிரி கீழே விழுந்து அடிபட முடியாது. பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ் எண்ணோடு வரும் காசுகளுக்கும் இதே விதிதான். எண்ணைத் தரச்சான்று நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படமும் உங்கள் காசும் ஒன்றா என்று பாருங்கள். உறையையே நகல் எடுக்கிறார்கள்.

வாங்குபவர்கள் மட்டும் ஏமாறுகிறார்கள் என்றும் இல்லை. 2012-இல் வந்த வைஷ்ணோ தேவி நாணயம் இருந்தால் பத்து லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகளில் பணம் இழப்பது விற்க நினைத்தவர்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரையைக் காட்டி வரி, கமிஷன் கேட்கிறார்கள். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. அதையும் மீறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.